கடலைப் பார்த்த பக்கம்

யாராவது எதையாவது அடித்துச் சொன்னால் அக்கா கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"நீ கண்டனியோ?"

கோபமாகக் கேட்கமாட்டார். உலையில் அரிசி போட்டாயிற்றா என்று விசாரிக்கிற குரலில் கேட்பார். "இல்லை அக்கா, ஆக்கள் சொல்லிச்சினம்" என்று நாம் இழுத்தால், "அப்ப கண்ட ஆக்களைக் கேப்பம்" என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற வெங்காயத்தை மறுபடி வெட்டத் தொடங்குவார். அதோடு அந்தக் கதை படுத்துவிடும்.

இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டில், நாங்கள் நாலு பெண்கள் ஒன்றாக இருந்தோம். நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறை. அக்கா மன்னார். எங்களில் மூத்தவர் அவர்தான். அப்போது ஐம்பது வயது இருக்கும். கட்டையான ஆள். வாசிக்கிற கண்ணாடியைத் தங்கூசி நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். மீன் வலை பின்னுகிற அந்த நைலோன் நூல் அறாது என்பது அவருடைய நம்பிக்கை. கடைசிவரை அறவும் இல்லை.

நான் வந்த முதல் வருஷம் என் பெர்மெஸ்ஸோ தொலைந்துபோனது. இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிப் பத்திரம். அது இல்லாவிட்டால் நான் ஒருவருமில்லை. பஸ்ஸில் எவனோ எடுத்துவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, குவெஸ்தூராவுக்குப் போய்ப் பொலிசில் முறைப்பாடு எழுதுவதற்கு அழுதுகொண்டு சப்பாத்துப் போட்டேன். அக்கா கதவடியில் நின்று மறித்தார்.

"எடுத்ததைக் கண்டனியோ?"

"இல்லை."

"அப்ப அது களவு போகேல்லை. எங்கையோ இருக்கு. வா."

லிபெர்த்தா வீதிப் பக்கம் நான் துப்புரவு வேலை செய்த வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்றைக்கு நான் செய்த வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். நிலம் கூட்டினேன். யன்னல் துடைத்தேன். "அப்ப பை எந்தக் கையிலை?" "லைற்றைப் போடேக்கை பை எங்கை வைச்சனி?" என்று பின்னாலேயே வந்தார். கடைசியில் இஸ்திரிப்பெட்டியால் மினுக்கின தலையணை உறைகளை அலுமாரியில் அடுக்குகிற மாதிரிச் செய்துகாட்டும்போது என் கை தானாகவே நின்றது. நாலாவது உறைக்குள் பெர்மெஸ்ஸோ கிடந்தது. அதை எடுத்து என் கையில் தந்துவிட்டு, "பஸ்ஸிலை வாறவங்களைத் திட்டினாய்தானே, பாவம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தபிறகு எங்கள் கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் ஊர்க்கதை நடக்கும். ஒருமுறை ஒரு பிள்ளையைப் பற்றி, வேலைசெய்யும் வீட்டுப் பெடியனோடு மோட்டார் சைக்கிளில் திரிகிறாளாம் என்று கதை வந்தது. கதையைச் சொன்ன பெண்ணிடம் அக்கா தன் கேள்வியைக் கேட்டார். அவள் இன்னொருத்தியைக் காட்டினாள். அவள் வேறொருத்தியை. அக்கா விடவில்லை, தேத்தண்ணிக் கோப்பையோடு ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார். ஐந்தாவது ஆள் ஒரு கிழவர். "நான் மோட்டார் சைக்கிளைத்தான் பிள்ளை கண்டனான். அதிலை ஆர் இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு அக்கா நிற்கிற இடத்தில் ஒருவரும் மற்றவரைப் பற்றிக் கதைப்பதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் அதே கேள்விக்கு ஒரு முள்ளும் இருந்தது.

ஊரில் போர் முடிந்த வருஷம், எங்களோடு வேலைக்கு வரும் ஒரு தாய்க்கு, வன்னியில் நின்ற மகன் இல்லையென்று செய்தி வந்தது. நாங்கள் போனோம். அவள் நெஞ்சில் அடித்து அழுது ஓய்ந்து, ஒரு மாதிரி மரத்துப்போய் இருந்தாள். அக்கா பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கண்டது ஆர்?"

அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தாள். கண்டவர்கள் ஒருவரும் இல்லை. அன்றோடு அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு பூசைக்கு வரும்போதெல்லாம் அக்காவின் கையைப் பிடித்து, "அப்ப இருப்பான் என்ன?" என்று கேட்பாள். அக்கா, "எனக்குத் தெரியாதம்மா" என்பார். அடுத்த ஞாயிறும் கேட்பாள். மூன்று வருஷம் இப்படிப் போய், பிறகு அவள் தமையனோடு வடக்கே பொலோஞ்ஞாவுக்குப் போய்விட்டாள்.

நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "அவ அழுது ஆறியிருப்பா அக்கா. நீங்கள்தான் கெடுத்தனீங்கள்."

அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "பொய்யாய் ஒரு ஆளைச் சாகக்குடுக்க எனக்கு ஏலாது பிள்ளை" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

ஏன் ஏலாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கதைப்பதில்லை. அக்காவின் புருஷன் மீன்பிடிக்காரர். ஒருநாள் காலை பிடித்த மீனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டினத்துக்கு விற்கப் போனவர். சோதனைச்சாவடியில் இறக்கினார்கள் என்று சிலர் சொன்னார்கள். வேறு சிலர் அதற்கு அங்கால் கண்டதாகச் சொன்னார்கள். சைக்கிள் மட்டும் கிடைத்தது. அக்கா கேட்டுக் கேட்டு அலைந்து, கடைசியில் பிள்ளையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்துவிட்டார். மகள் வளர்ந்து, தகப்பன் பெயரில் இருக்கிற வீட்டு வளவை எழுதிக்கொள்ள மரணச் சான்றிதழுக்கு ஒப்பம் கேட்டாள். அக்கா போடவில்லை. மகள் தாயோடு கதைப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷனைப் பற்றிச் சொல்லும்போது அக்கா "அவர் உறைப்புச் சாப்பிடமாட்டார்" என்பார். "சாப்பிட்டதில்லை" என்று ஒருநாளும் வந்ததில்லை.

சனி, ஞாயிறு மத்தியானங்களில் நாங்கள் இரண்டு பேரும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு வேலைக்குப் போவோம். பலெர்மோவின் மேற்குக் கரையில் மீன்பிடிக்காரரின் சின்ன ஊர் அது. கடலோரம் முழுக்க மீன்சாப்பாட்டுக் கடைகள். நான் கோப்பை கழுவுவேன். அக்கா கணவாய் துப்புரவாக்குவார். முதலாளியின் மாமி ஒருவர், எண்பது தாண்டியவர், சமையலறைக் கதவடியில் கதிரை போட்டு நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பார். நாங்கள் சின்ஞோரா என்று கூப்பிடுவோம். அவர் சிசிலியனிலும் அக்கா உடைந்த இத்தாலியனிலும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். அவர்கள் கதைத்ததை எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன்.

கடையிலிருந்து நாலு எட்டில், படகுகள் கட்டுகிற துறைக்கு மேலே, ஒரு போர் நினைவுக்கல் இருந்தது. உயரமான பீடம், மேலே சிலை இல்லை. வேலை முடிந்து பஸ் வரும்வரை அதன் படியில்தான் இருப்போம். அக்கா அதிலிருந்த பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிப்பார். அவர் இத்தாலியன் வாசிக்கப் பழகியதே அப்படித்தான். தெருப் பலகைகளைவிடச் செத்த சிப்பாய்களின் பெயர்கள் அவருக்குச் சுளுவாக வந்தன.

அந்தக் கல்லின் கதையைச் சொன்னவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாயெஸ்த்ரோ. முதலாம் உலகப்போர் முடிந்ததும் ஊர்க்காரர் சேர்ந்து வைத்த நினைவுக்கல்லாம். கல்லைப் படகில் ஏற்றி வரும்போது படகு கவிழப் பார்த்ததாம். பீடத்தின் மேல் துவக்கோடு ஒரு வெண்கலச் சிப்பாய் நின்றதாம். அடுத்த போர் வந்ததும் பீரங்கி வார்ப்பதற்கு வெண்கலம் வேண்டுமென்று அரசாங்கம் அந்தச் சிப்பாயை இறக்கிக்கொண்டு போய்விட்டது.

"எங்கட சிப்பாய் இரண்டாம் போருக்கும் போனவர்" என்று மாயெஸ்த்ரோ சொன்னார். "அவரும் திரும்பி வரேல்லை."

பிறகு இரண்டாம் போரில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு சலவைக்கல்லில் வெட்டிப் பீடத்தில் பதித்தார்கள். உப்புக்காற்று பட்டு அந்த எழுத்துகள் பாதி அழிந்துபோயிருந்தன. ஊரில் ஒரு குழு அமைத்து எழுத்துகளை மறுபடி வெட்டுவதென்று முடிவாயிற்று. பெயர்களைச் சரிபார்ப்பது மாயெஸ்த்ரோவின் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்தபிறகு, கடதாசிக் கட்டோடு சின்ஞோராவிடம் வந்தார்.

"உங்கட அண்ணற்றை பேர் இதிலை இல்லை சின்ஞோரா. இந்த முறை போடுவம். இனி எங்கட காலத்திலை ஒருத்தரும் கல்லைத் தொடமாட்டினம்."

சின்ஞோரா நெத்தலியைக் கீழே வைத்தார்.

அவருடைய தமையன் ரஷ்யாவுக்குப் போன படையில் இருந்தவர். போகும்போது சின்ஞோராவுக்குப் பத்து வயது. பனிக்காலத்தில் வந்த ஒரு கடிதத்தோடு சரி. செத்தார் என்றும் இல்லை, பிடிபட்டார் என்றும் இல்லை. சலவைக்கல் வெட்டின நாளில் அவர்களின் தாய், வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து கல்வெட்டுகிறவனுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். "என்ரை பிள்ளையை நீ வெட்டினால் அவன் செத்துப்போவான்" என்றாளாம். அவன் அந்தப் பெயரை விட்டுவிட்டான்.

"நீ சொல்லு" என்று சின்ஞோரா அக்காவைப் பார்த்தார்.

அக்கா வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார். "செத்ததைக் கண்டது ஆர்?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப?"

சின்ஞோரா தன் கைகளை உடுப்பில் துடைத்தார். "நான் காத்திருக்கிறன், அதாலை அவன் இருக்கிறான். அம்மா அப்பிடித்தான் சொன்னவ. ஆனால் எனக்குப் பிள்ளையில்லை. நான் போனபிறகு அவன் எங்கை இருப்பான்? இப்பிடி ஒருத்தன் பிறந்தவனெண்டு சொல்ல ஆர் இருக்கினம்?"

அக்கா கணவாயை அப்படியே தொட்டிக்குள் விட்டுவிட்டு வெளியே போனார். நாலாம் நாள் நான் படுக்கை தட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார்.

"மாயெஸ்த்ரோவின்ரை கடதாசியிலை இரண்டு பக்கம் இருந்தது. ஒண்டிலை கதூத்தி எண்டு போட்டிருந்தது. மற்றதிலை என்ன?"

"திஸ்பெர்சி."

"அதுக்கு என்ன கருத்து?"

"காணாமல் போன ஆக்கள்."

"கதூத்தி?"

"விழுந்த ஆக்கள். போரிலை செத்த ஆக்களை அப்பிடித்தான் சொல்லுவினம்."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை மாயெஸ்த்ரோவைக் கடைவாசலில் மறித்தார். குவெஸ்தூராவில் யன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம் குரல் எழும்பாத மனுஷி அவர். அன்றைக்கு எழும்பியது.

"சின்ஞோராவின்ரை அண்ணனைப் போடுங்கோ. ஆனால் கதூத்தியிலை போடாதையுங்கோ."

மாயெஸ்த்ரோ பொறுமையான மனிதர். "எழுபது வருஷம் ஆச்சு. இனி அதிலை என்ன வித்தியாசம்?"

"விழுந்தவரை ஆரோ ஒராள் கண்டது. காணாமல் போனவரை ஒருத்தரும் காணேல்லை. இரண்டும் ஒண்டோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சலவைக்கல்லில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது, தலைப்பு ஒன்று, பெயர் ஒன்று என்று இரண்டு வரி வராது என்று விளக்கினார். அக்கா அவரை நினைவுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் ஈரக்கையோடு பின்னால் போனேன். அக்கா பீடத்தைச் சுற்றி மறுபக்கம் போய்த் தட்டிக் காட்டினார். கடலைப் பார்த்த பக்கம் அது. ஓர் எழுத்தும் இல்லை.

"இஞ்சை."

"இந்தப் பக்கத்தை ஆர் பாப்பினம்? படகிலை வாறவைதான் பாக்கலாம்."

"வாற ஆள் கடலாலைதானே வரும்."

மாயெஸ்த்ரோ சிரித்தார். "ரஷ்யாவிலையிருந்து ரயிலிலைதான் வரவேணும்" என்றார். பிறகு கடலைப் பார்த்தபடி சிறிதுநேரம் நின்றார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. "சரி" என்றார்.

எழுத்து வெட்டின அன்று சின்ஞோரா கதிரையைக் கொண்டுவரச் சொன்னார். முதலாளிதான் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, உளி ஒவ்வொரு எழுத்தாகப் போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் திஸ்பெர்சி என்று தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு பெயர். முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அக்கா தங்கூசியில் தொங்கிய கண்ணாடியை மாட்டி எழுத்துக்கூட்டி வாசித்தார். குடும்பப் பெயரில் ஒரு இடத்தில் பிழைவிட, சின்ஞோரா திருத்தினார். இரண்டாம் தரம் சரியாக வந்தது. கல்வெட்டுகிறவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கீழை நிறைய இடம் மிஞ்சுது" என்று குறைப்பட்டுக்கொண்டான். "இருக்கட்டும்" என்றார் சின்ஞோரா.

அடுத்த தவசுகாலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாள்களில், சின்ஞோரா இறந்துபோனார். கடைசிக் கிழமை முழுவதும் அக்காதான் இரவும் பகலும் கூட இருந்தவர். விடியக் காலை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருந்தார்.

"போயிட்டா" என்றார். "நான் கண்டனான். நல்லாய்ப் போனவ."

அந்தப் "போயிட்டா"வில், "போனவ"வில், ஒரு நிம்மதி இருந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தபடியே முதல்முறையாக அழுதார். சின்ஞோராவுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

வைகாசியில் மகளுக்கு அவராகவே ரெலிபோன் எடுத்தார். எங்கள் வீட்டில் ரகசியம் பேச இடமில்லை, ஸ்பீக்கரில்தான் கதைத்தார். இறந்துவிட்டார் என்று எழுதாமல் காணவில்லை என்று எழுதித் தருகிற ஒரு பத்திரம் ஊரில் இப்போது கொடுக்கிறார்களாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா அதைக் கேட்டு, விசாரித்து, பத்திரத்தைக் கண்ட ஆளையே தேடிப் பிடித்துக் கதைத்தும் இருந்தார்.

"அதுக்கு நான் ஒப்பம் வைக்கிறன் பிள்ளை. அதோடை வளவு விஷயம் பாக்கலாமாம்."

ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, நான் அப்பாவைச் சாகக்குடுக்கவே கேட்டனான்? எனக்கும் மூண்டு பிள்ளையள். இருக்க ஒரு இடம் வேணும்."

"ஓம். எனக்கு அது விளங்கேல்லை. இப்ப விளங்குது."

அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசி அரை மணித்தியாலம் பேரப்பிள்ளைகளின் பல்லைப் பற்றி.

கார்த்திகை மாதம் இறந்தவர்களுக்கான பூசை வரும். எங்கள் தமிழ்ச் சமூகத்தில் அதற்கு முதல் கிழமையே கோயிலின் பின்பக்க மேசையில் ஒரு கடதாசியும் பேனையும் வைத்துவிடுவார்கள். அவரவர் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதுவார்கள். பூசையில் பாதர் எல்லாப் பெயரையும் வாசிப்பார். அக்கா அந்த மேசைப் பக்கம் போனதே இல்லை. அந்த வருஷம் போனார். எழுதியிருந்த கடதாசியைத் தொடவில்லை. தன் பைக்குள்ளிருந்து வேறொரு கடதாசியை எடுத்து, மேலே "காணாமல் போனவர்கள்" என்று எழுதிக் கோடு இழுத்தார். கீழே புருஷனுடைய முழுப்பெயரையும் எழுதினார். காற்றில் பறக்காமல் ஒரு மெழுகுதிரித் துண்டை மேலே வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பூசை நாளன்று பாதர் ஆளனுப்பி அக்காவை அவர் பூசை உடுப்பு மாற்றுகிற அறைக்குக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். இளம் பாதர், யாழ்ப்பாணத்துக்காரர். கையில் அக்காவின் கடதாசி இருந்தது. அக்கா எழுதிய பெயருக்குக் கீழே வேறு வேறு கையெழுத்துகள். நீல மை, கறுப்பு மை, பென்சில். ஒரு பெயர் குழந்தை எழுதினது மாதிரிக் கோணலாக. பாதர் திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் நிரம்பியிருந்தது.

"இவ்வளவு பேர் எங்கடை சனத்துக்குள்ளை இருக்கினமெண்டு எனக்கே தெரியாது அக்கா" என்றார். "ஆனால் இவைக்கு நான் என்ன செபம் சொல்ல? நித்திய இளைப்பாற்றி சொல்லேலாது. அது செத்த ஆக்களுக்கு."

அக்கா கடதாசியை வாங்கிப் பார்த்தார். வாய் அசைந்தது, எல்லாப் பெயரையும் வாசித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"கடலுக்குப் போறவைக்குச் சொல்லுற செபம் இருக்குத்தானே பாதர். வள்ளம் வெளிக்கிட்டாப்போலை கரையிலை நிண்டு பெண்டுகள் சொல்லுறது. அதைச் சொல்லுங்கோ."

"அது எனக்கு முழுக்கத் தெரியாதே."

"நீங்கள் பேரை வாசியுங்கோ. சனத்துக்குத் தெரியும்."

பூசையில் முதல் கடதாசியை வாசித்து நித்திய இளைப்பாற்றி சொல்லி முடித்ததும், சனம் உட்காரப் பார்த்தது. பாதர் இருக்கச் சொல்லவில்லை. இரண்டாவது கடதாசியை எடுத்து அதன் தலைப்பை வாசித்தார். பிறகு அக்காவின் புருஷனுடைய பெயரை வாசித்தார்.

பின்வரிசையில் மன்னார்ப் பெண் ஒருத்தி முதலில் சொன்னாள். "கரை சேர்த்தருளும், சுவாமி."

இரண்டாவது பெயருக்கு மன்னார் ஆட்களும் தீவுப்பகுதி ஆட்களும் சேர்ந்து சொன்னார்கள். எனக்கே மறந்துபோயிருந்தது என்று நினைத்தேன். வாய் தானாகச் சொன்னது. நாலாவது, ஐந்தாவது பெயர் வரும்போது இங்கே பிறந்து, பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் கதைக்கிற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய தமிழில் அந்த வார்த்தை கொஞ்சம் உருண்டு வந்தது.

"கரை சேர்த்தருளும், சுவாமி."

அக்கா என் பக்கத்தில் நின்றார். பாதர் கடதாசியைத் திருப்பினார். இன்னும் ஒரு பக்கம் இருந்தது.